சேரின் முப்பத்தோராம் நாள் மலர்: என்ன எழுதப் போகிறோம்?

உவர்மலைவாசி (91 அணி) எழுதியது:

அன்புள்ள அனைவருக்கும்,

பேராதனையில் எங்களுக்கு மண் பொறியியல் கற்பித்த பேராசிரியர், எங்கள் சேர், காலமாகி இன்றுடன் பதினாறு நாள்கள் ஆகின்றன. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு ஐந்து நாள்களுக்கு முன்னராவது நினைவு மலரை அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டதால், சேரின் மனைவி, எங்கள் அன்ரி, என்னிடம் ஒப்படைத்திருக்கும் தொகுப்பு வேலையைப் பற்றி இங்கே மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

இதுவரை பதினான்கு கட்டுரைகள் வந்திருக்கின்றன. நேற்றிரவு எல்லாவற்றையும் ஒரே இருப்பில் வாசித்தேன். ஆறு பேர் சேரைக் கலங்கரை விளக்கம் என்கிறார்கள். நான்கு பேர் கல்விக்கடல் என்கிறார்கள். ஒருவர் இரண்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார். எழுதியவர்களின் துயரம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் இவற்றை ஓய்வுபெற்ற எந்த அதிபரின் மலரிலும் சேர்த்துவிடலாம். சேரோ, ஆய்வுகூட அறிக்கையில் "மிகவும் நல்ல மண்" என்று எழுதினால், "மிகவும்" என்ற சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "எவ்வளவு?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்த மனிதர். அவருக்குப் போடும் மலரில் அந்தப் பென்சிலுக்குத் தப்பக்கூடிய பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான்: நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை, இடத்தோடும் அளவோடும் எழுதித் தாருங்கள். நானே தொடங்குகிறேன்.

1999 இல் தம்பலகாமத்தில், வயலை ஒட்டிய ஒரு காணியில், பாடசாலைக் கட்டடம் ஒன்றுக்காக மண் சோதனை நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். விடுமுறைக்கு எங்கள் ஊரான திருகோணமலைக்கு வந்திருந்த சேரை ஒருதரம் வந்து பார்க்கும்படி கேட்டிருந்தேன். அந்தச் சோதனை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முக்காலி நாட்டி, கப்பியில் கயிறு போட்டு, 63.5 கிலோ நிறையுள்ள இரும்புக் குண்டை 76 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இழுத்து விழவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் 45 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். முதல் 15 சென்ரிமீற்றரை விட்டுவிட்டு, மீதி 30 சென்ரிமீற்றருக்கு எத்தனை அடி விழுந்தது என்பதே அந்த ஆழத்துக்குரிய எண். ஆறு மீற்றர் ஆழத்துக்கு நான் 17 என்று எழுதியிருந்தேன். சேர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எண்ணியது யார் என்று கேட்டார். உண்மையில் அந்த நேரத்தில் நான் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபின் வேலையாள்கள் சொன்ன எண்ணை எழுதினேன். அதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒரு மீற்றர் தள்ளிப் புதிதாகத் துளைக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, சேற்றில் நின்றபடி, ஆறு மீற்றர் வந்ததும் தானே உரத்த குரலில் எண்ணினார். பதினொன்று.

எண்ணாத எண்ணை எழுதியவன் என்று எனது பெயரோடேயே இது மலரில் வரும்.


வான்கதவு (94 அணி) எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்ட விதமாகவே எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் அணியைச் சேர் கந்தளாய்க் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். பேராதனையிலிருந்து விடியுமுன் புறப்பட்ட பேருந்தில் பாதிப் பேர் நித்திரை. குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று நம்மூர் மரபும், இரண்டாம் அக்கபோதி கட்டுவித்தான் என்று வரலாற்று நூல்களும் சொல்லும் அந்தக் குளத்தின் கட்டு, 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் உடைந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளை என்பதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த சேர், வெள்ளம் வடிந்த சில நாள்களில் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். என்ன கண்டார் என்று நாங்கள் கேட்டபோது அவர் இறந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. உடைந்த வாயின் இரு பக்கமும் வெட்டிய கேக் போல மண் அடுக்கடுக்காகத் தெரிந்ததாகவும், அதைப் படம் வரைய உட்கார்ந்தபோது கை நடுங்கியதால் கோடு நேராக வரவில்லை என்றும் மட்டும் சொன்னார்.

பிறகு எங்களைக் கட்டின் உச்சியில் நிற்கவிடாமல் கீழே, வயல் பக்கத்து அடிவாரத்துக்கு இறக்கினார். குளத்தைப் பார்க்க வந்தவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், பொறியியலாளர் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மண் கட்டு எதுவாயினும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிந்து வரும் நீர் தெளிவாக இருக்கும்வரை கட்டு தன் மண்ணைத் தானே பிடித்து வைத்திருக்கிறது. அது கலங்கி வரத் தொடங்கினால் கட்டின் வயிற்றிலிருந்து நுண்மண் வெளியேறுகிறது என்று பொருள். அந்த அரிப்பு வயல் பக்கத்தில் தொடங்கி, எலிவளை போலப் பின்னோக்கிக் குளத்தை நாடிப் போகும். அது தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு மணிக்கணக்குத்தான். இதை அவர் பலகையில் எழுதியிருந்தால் நான் மறந்திருப்பேன். அடிவாரத்தில் குந்தியிருந்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் கசிவு நீரைப் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கி, நாற்பது பேரும் ஒவ்வொருவராக அதனூடாகப் பார்க்கும்வரை கையை இறக்காமல் வைத்திருந்தார். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும்.

நான் இன்று குளங்களோடுதான் வேலை செய்கிறேன். எனது வாகனத்தில் எப்போதும் ஒரு வெற்றுப் போத்தல் கிடக்கும். சாரதி அதைப் பலமுறை எறிந்துவிட்டார். நானும் பலமுறை புதிதாக வைத்துவிட்டேன்.


ஓய்வுநிலை ஆசிரியர், லிங்கநகர் எழுதியது:

தம்பி உவர்மலைவாசி, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. இருந்தாலும் ஒரு மூத்தவன் என்ற உரிமையில் மறுப்புச் சொல்கிறேன். நினைவு மலர் என்பது மண் சோதனை அறிக்கை அல்ல. அதற்கென்று நம்மிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் திதி வெண்பா, பிறகு கோணமாமலைப் பதிகம், வாழ்க்கை வரலாறு, குடும்பத்தார் புலம்பல், நன்றி நவிலல். கலங்கரை விளக்கம் என்ற சொல் தேய்ந்துபோனதுதான். ஆனால் துக்கத்தில் இருப்பவன் புதுச்சொல் தேடிக்கொண்டிருக்க மாட்டான், கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வான். அந்த ஆறு பேரையும் நீங்கள் வெட்டி எறிந்தால், அவர்கள் அழுததை வெட்டி எறிந்ததாகிவிடும்.

திதி வெண்பாவை நான் எழுதித் தருகிறேன். ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அதில் பிழையின்றி நிற்க வேண்டும் என்பதால் உங்கள் பேராசிரியரின் பென்சிலுக்கு அதில் வேலை இராது என்றே நினைக்கிறேன். நம் முன்னோரும் அளவு தெரிந்துதான் அழுதிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பின்னர் அவர் தமது வீட்டு விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுத்தாரே, அதை நேரில் கண்டவன் நான். செவ்வாயும் வியாழனும், பின்னேரம் நான்கு மணி. ஒருதரம் இரண்டு மான்கள் படலைக்குள் வந்து பிள்ளைகளின் கொப்பி ஒன்றை மென்றுவிட்டன. நம்மூரில் மான்கள் கோட்டையிலும் இருக்கும், தெருவிலும் நிற்கும் என்பது தெரிந்ததே. கொப்பியைப் பறிகொடுத்த பிள்ளை அழ, அவர் சிரித்துக்கொண்டே, எத்தனை கணக்கு போனது என்று கேட்டு, ஏழு என்றதும் ஏழையும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து திரும்பச் செய்தார். இதையும் போடுங்கள்.


கிண்ணியாத் துறை (98 அணி) எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. உவர்மலை அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் எனது பங்கை மட்டும் வைக்கிறேன்.

களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் உருட்டி 3 மில்லிமீற்றர் தடிப்பில் திரியாக்க வேண்டும். அந்தத் தடிப்பில் திரி வெடித்து உதிரத் தொடங்கும் ஈரப்பதன்தான் அந்த மண்ணின் பிளாஸ்டிக் எல்லை. முதல் வருட ஆய்வுகூடத்தில் எனக்கு அது எத்தனை தரம் செய்தும் வரவில்லை. ஒன்றில் 5 மில்லிமீற்றரிலேயே உதிரும், அல்லது நூல்போல மெலிந்துகொண்டே போகும். சேர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, வீட்டில் கொழுக்கட்டைக்கு மா பிசைபவர் யார் என்று கேட்டார். உம்மா என்றேன். அப்படியானால் விடுமுறைக்குப் போய் உம்மாவின் கையைப் பார்த்துவிட்டு வா என்றார். பகிடி என்று நினைத்தேன். விடுமுறை முடிந்து வந்ததும், பார்த்தாயா என்று உண்மையாகவே கேட்டார். பார்த்திருந்தேன். உம்மா உள்ளங்கையால் அழுத்தாமல், விரல்களின் அடிப்பகுதியால் போகவரத் தேய்ப்பார். அன்றைக்கே எனக்குத் திரி 3 மில்லிமீற்றரில் வெடித்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் டவுனுக்கு வருவதென்றால் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வர வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஆனால் குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியாமல் கிடந்தது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, அங்கே படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். அன்று பின்னேரம் சேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய குரலே மாறியிருந்தது. ஏறியவர்களை எண்ணுவதற்குக் கரையில் ஓர் ஆள் இருந்தாரா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றேன். நீ அந்த ஊர்ப் பொறியியலாளன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். நான்கு வார்த்தை ஆறுதலாகப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அன்று கோபம் வந்தது. கோபம் போக ஒரு கிழமை ஆனது.


பாலையூற்றுப் பையன் (96 அணி) எழுதியது:

சேர் தம்மைப் பற்றிப் பேசமாட்டார், தமது ஆசானைப் பற்றிப் பேசுவார். 1970களின் தொடக்கத்தில் பேராதனையில் பேராசிரியர் அழகையா துரைராஜாவிடம் மண் பொறியியல் கற்றவர் என்பதால், எங்களுக்கு அந்தப் பெயர் முதல் வகுப்பிலேயே அறிமுகமாகிவிட்டது. கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து துரைராஜா 1963 இல் வெளியிட்ட கட்டுரை, ஈரமான களிமண் எந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுக்கத் தொடங்கும் என்பதைப் பற்றியது. இன்று உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கும் கேம் களிமண் மாதிரிக்கு அந்த ஆய்வுகளே அடிப்படை. பரீட்சையில் ஒருவன், கேம் களிமண் இங்கிலாந்தில் தோண்டி எடுக்கப்படுகிறது என்று எழுதிவைத்தான். அது கேம் ஆற்றின் பெயரைச் சூட்டிய கணித மாதிரி, எந்தக் குழியிலும் கிடைக்காது என்று சேர் ஒரு முழு விரிவுரையைச் சிரித்தபடியே எடுத்தார். (அந்த ஒருவன் நான் இல்லை. பக்கத்தில் இருந்தவன்.)

துரைராஜா 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, போரின் நடுவிலும் அங்கே பணியாற்றி 1994 இல் மறைந்தார். வெளிநாட்டில் வாய்ப்பு வந்தபோதெல்லாம் சேர் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து மலரில் அப்படி எழுத வேண்டாம். நான் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். அக்பர் பாலத்தில் நின்று கீழே மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது, எனக்கு அங்கே ஒரு வீடு கட்ட வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.


மூதூர்க்காரி (2007 அணி) எழுதியது:

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். அளவோடு எழுதுங்கள் என்று அண்ணா கேட்டிருப்பதால் நானும் எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

2006 இல் நாங்கள் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தோம். உறவினர் வீட்டில் இருந்து படித்துப் பொறியியல் பீடத்துக்குப் போனேன். எனது ஆங்கிலம் மிகவும் குறைவு. (எவ்வளவு என்று கேட்டால், ஒரு பக்கத்தை வாசிக்க அகராதியோடு முக்கால் மணித்தியாலம்.) இரண்டாம் வருடத்தில் நான் எழுதிய அறிக்கையைச் சேர் வகுப்பின் முன் வாசித்துக் காட்டினார். நான் "மிகவும்" என்பதை ஒரே பக்கத்தில் ஒன்பது தரம் எழுதியிருந்தேன். எனக்கு வேறு சொல் தெரியாது. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நீங்கள் எல்லோரும் அன்பாக நினைக்கும் அந்தச் சிவப்புப் பென்சில், எனக்கு ஒரு தவணை முழுவதும் வகுப்பில் வாய் திறக்க முடியாமல் செய்தது.

அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. அது அவருக்கு நினைவிலேயே இருந்திராது. அவரிடம் படித்ததை வைத்துத்தான் இன்று சாப்பிடுகிறேன், அதை மறுக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்தேன், மாலை ஐந்து மணிவரை முற்றத்தில் இருந்தேன், அழுதேன். ஆனாலும் இன்று எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளின் அறிக்கையில் பிழை கண்டால் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறேன். அதையும் நான் சேரிடம்தான் கற்றேன் என்றால் அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்களோ தெரியாது.


ஓய்வுநிலை ஆசிரியர், லிங்கநகர் எழுதியது:

மகள், உங்கள் வலி உண்மையானது. வகுப்பில் இப்படிச் சிரிக்கவிட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். எனவே உங்களுக்கு மறுமொழி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் மலரில் இது வரலாமா என்பதை அன்ரிதான் முடிவு செய்ய வேண்டும், நாமல்ல.


உவர்மலைவாசி எழுதியது:

தங்கச்சி எழுதியதை நேற்றுப் பின்னேரம் அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வாசிக்கச் சொன்னார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று நானே சொன்னாலும் 'எவ்வளவு' என்று கேட்ட மனிசன். நாற்பத்தாறு வருசம் நான் கேட்டதை அந்தப் பிள்ளை ஒரு நாள் வகுப்பில் கேட்டிருக்கு" என்றார். பிறகு, அதைப் போடுங்கள், ஆனால் அவள் அழுத வரியை எடுக்காமல் போடுங்கள் என்றார்.

ஆகவே தங்கச்சியின் கட்டுரை முழுமையாக வருகிறது. ஆசிரியர் ஐயாவின் வெண்பா முதற்பக்கத்தில் வருகிறது. கலங்கரை விளக்கங்களையும் நான் தொடவில்லை, ஆறும் இருக்கும். ஐயா சொன்னது சரி என்று அன்ரியின் முகத்தைப் பார்த்தபோது விளங்கிவிட்டது.

கட்டுரைகள் வந்துசேர இன்னும் மூன்று நாள்கள் இருக்கின்றன.


அன்புவழிபுரம் (விருந்தினர்) எழுதியது:

வணக்கம். நான் பொறியியல் படித்தவன் அல்லன். மின்னியல் வேலை செய்கிறேன். எனது அப்பா மண் சோதனைக்குத் துளையிடும் தொழிலாளியாக இருந்தவர். இப்போது 74 வயது, கண் தெளிவாகத் தெரியாது. இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தம்பலகாமத்துக் கதை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அன்று கயிறு இழுத்த நால்வரில் அவரும் ஒருவர்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அன்று காலை மழை பெய்திருந்தது. கயிறு நனைந்து கை வழுக்கியது. எனவே குண்டை முழு உயரத்துக்கு இழுக்காமல், முழங்கால் அளவுக்கு இழுத்து விட்டிருக்கிறார்கள். குறைந்த உயரத்திலிருந்து விழுந்தால் அடியின் பலம் குறையும், ஆகவே அடிகளின் எண்ணிக்கை கூடும், இளகிய மண்ணும் இறுகிய மண்போல எழுதப்படும் என்று அப்பாவுக்கு அப்போது தெரியாது. ஐயா வந்து திரும்பத் துளைக்கச் சொன்னபோது நால்வருக்கும் பொல்லாத கோபம். அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தாராம். ஆனால் இரண்டாவது துளையில் ஐயா கயிற்றில் 76 சென்ரிமீற்றருக்குச் சிவப்புச் சீலை கட்டி, அந்தச் சீலை எங்கே வந்ததும் விட வேண்டும் என்று காட்டி, ஏன் என்றும் அவர்களுக்கு விளங்கப்படுத்தினார். முன்பு யாரும் ஏன் என்று சொன்னதில்லை என்கிறார் அப்பா. அதன்பின் எந்த வேலைக்குப் போனாலும் அப்பா கயிற்றில் சீலை கட்டுவார். அது எங்களுக்குச் சின்ன வயதில் நேர்த்திக்கட்டு மாதிரித் தெரிந்தது.

இன்னொரு திருத்தம். அண்ணா பதினொன்று என்று எழுதியிருக்கிறார். அப்பா தனது கூலிக்கணக்குக் கொப்பியில் அடிகளையும் கோடு கோடாகப் போட்டுவைப்பவர். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்தத் துளையில் ஆறு மீற்றருக்கு ஒரு கட்டும் நான்கு கோடும் இருக்கின்றன. ஒன்பது.


உவர்மலைவாசி எழுதியது:

தம்பி, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பதினொன்று என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். மணலில் 10க்குக் கீழே என்றால் தளர்ந்தது, மேலே என்றால் நடுத்தரம். நான் சொல்லிச் சொல்லியே அந்த மண்ணைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

மலரில் ஒன்பது என்று திருத்திவிட்டேன். அப்பாவின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். ஞாயிறு காலை வருகிறேன். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். கயிற்றுத் துண்டு ஏதும் இன்னும் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.